புதுப்பிப்பு: செனான் பல்பைக் கழற்றிவிட்டேன்

பழைய காரின் ஹெச்4 வகை ஹாலஜன் முகப்பு விளக்குகள் மங்கலாக எரிகின்றன, 35 வாட் செனான் பல்பு மாட்டலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். வேண்டாம் என்றவர்களின் பேச்சைக் கேட்காமல் மாட்டினேன். முதல் இரவு பரவசம்தான். சாலை பகல்போல வெளுத்தது. ஆனால் எதிரே வந்தவர்கள் ஒருவர் விடாமல் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டார்கள். சுவருக்கு முன் நிறுத்திப் பார்த்ததும் காரணம் புரிந்தது. டிம் ஒளிக்கு இருக்க வேண்டிய கூர்மையான மேல்விளிம்பே இல்லை. ஹாலஜன் இழை இருக்கும் இடத்தைக் கணக்கிட்டு வடித்த பிரதிபலிப்பான் அது. செனானில் இழை கிடையாது, வாயுவுக்குள் இரு முனைகளுக்கிடையே பாயும் மின்வில்தான் ஒளிர்கிறது. அதன் வடிவமே வேறு, ஒளி கண்டபடி சிதறுகிறது.

கழற்றிவிட்டு, முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.6 வோல்ட், பல்பின் முனையிலோ வெறும் 11.4! ஹாலஜனில் மின்னழுத்தம் 10 சதவீதம் குறைந்தாலே ஒளி சுமார் 30 சதவீதம் போய்விடும். ரிலே (சுவிட்சின் சிறு மின்னோட்டத்தைக் கொண்டு பெரிய மின்னோட்டத்தை இயக்கும் கருவி) வைத்து, பேட்டரியிலிருந்து ஃபியூஸுடன் தடித்த கம்பி இழுத்தேன். இப்போது 13.2. மஞ்சளேறிய லென்ஸையும் தேய்த்து மெருகேற்றினேன். அதற்குத்தான் அரை நாள் போனது. செனான் பெட்டி பரணில் கிடக்கிறது. யாருக்கும் விற்க மனம் வரவில்லை.