முருஜுகா பாறைச் செதுக்கல்கள்: வேலி போதுமா, புகையை அடைக்க வேண்டுமா?

நெடுங்கல்:
மேற்கு ஆஸ்திரேலியாவின் முருஜுகா (பர்ரப் தீபகற்பம்) பற்றி ஒரு கட்டுரைக்காகக் கேட்கிறேன். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட செதுக்கல்கள், 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம், பக்கத்திலேயே எரிவாயு ஆலை, அமோனியா ஆலை. இது வரை தெரியும். சந்தேகம் மூன்று.

1. கல்லால் கல்லில் கொத்திய உருவம். மை இல்லை, சாயம் இல்லை. புகை அதை என்ன செய்யும்?
2. அமோனியா காரம்தானே? அமிலத்தைச் சமன் செய்துவிடாதா?
3. பாறைகளைப் பத்திரமாகப் பெயர்த்து வேறிடத்தில் வைத்தால் என்ன?

துருக்கல்:
விழுப்புரம் பக்கத்துக் கீழ்வாலையில் இருப்பது போன்ற செங்காவி ஓவியம் இல்லை, சரி. ஆனாலும் நிறம் உண்டு. பாறையின் சொந்த நிறம். அங்கே இருப்பவை காப்ரோ, கிரானோஃபயர் என்ற கடினப் பாறைகள். மேலே இரும்பு, மாங்கனீசு ஆக்சைடுகளும் களிமண்ணும் சேர்ந்த செம்பழுப்புத் தோல். பெரும்பாலும் ஒரு தாளின் தடிமன்கூட வராது. அதன் அடியில் வெளுத்துச் சிதைந்த அடுக்கு. செதுக்கியவர் தோலைக் கொத்தி எடுத்து அந்த வெளுப்பைக் காட்டினார். சுற்றிலும் தோல் இருண்டு இருக்கும் வரைதான் கங்காரு கங்காருவாகத் தெரியும். மிகப் பழையவற்றில் குழிக்குள்ளும் தோல் மறுபடி படர்ந்திருக்கும். அவற்றைப் பார்க்கச் சாய்வெயில் வேண்டும்.

இந்தத் தோல் ஆயிரம் ஆண்டுக்குச் சில மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மி.மீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வளரும். டர்பைனோ கொதிகலனோ ஃப்ளேரோ (மிச்ச வாயுவை எரிக்கும் சுடர்க்குழாய்), எரிவாயு எங்கே எரிந்தாலும் நைட்ரஜன் ஆக்சைடு வரும். காற்றில் அது நைட்ரிக் அமிலமாகும். கப்பல் எரிபொருளின் கந்தகம் சல்ஃப்யூரிக் அமிலமாகும் (2020இல் உலக உச்சவரம்பை 3.5 சதவீதத்திலிருந்து 0.5க்கு இறக்கியது இந்த வகையில் நல்லது). 'அமில மழை' என்ற சொல்லை இங்கே மறந்துவிடுங்கள். ஆண்டுக்குச் சுமார் 300 மி.மீ. மழை, அதிலும் பெரும்பகுதி புயலோடு வருவது. மற்ற நாளெல்லாம் அமிலமும் உப்பும் தூசியோடு உலர்வாகப் படியும். இரவில் பனி இறங்கும்போது பல வாரப் படிவு ஒரு மெல்லிய நீர்ப்படலத்தில் கரையும். கழுவிப்போக மழை இல்லாததால் அந்தப் படலம் செறிவாகவே நிற்கும். பி.எச். (அமிலம் கூடக் கூட இறங்கும் அளவு) 7இலிருந்து 5க்கு இறங்கினால் 'கொஞ்சம் குறைவு' என்று எழுதிவிடாதீர்கள். அமிலத்தன்மை நூறு மடங்கு கூடிவிட்டது.

இரண்டாவது கேள்விக்கு: காற்றில் அமோனியா காரம்தான். பாறையில் படிந்தபின் நுண்ணுயிர்கள் அதை நைட்ரேட்டாக மாற்றும். அப்போது ஒவ்வொரு அமோனியம் அயனிக்கும் இரண்டு ஹைட்ரஜன் அயனி வெளியே வரும். சமன் செய்ய வந்ததே அமிலமாகிவிடும். போதாக்குறைக்கு நைட்ரேட்டும் யூரியாத் தூளும் உரம். வெறும் பாறையில் பூஞ்சை பிடிக்கும், அது ஆக்சாலிக் அமிலம் சுரக்கும், மாங்கனீசு ஆக்சைடு அதில் எளிதாகக் கரையும்.

கரைவழி:
பெயர்த்து வைத்துப் பார்த்தாயிற்று. 1980களில் எரிவாயு ஆலைக்கு இடம் எடுத்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட செதுக்கற்பாறைகளை ஹியர்சன் கோவ் பக்கம் வேலி போட்ட இடத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். முப்பது ஆண்டு அங்கேயே கிடந்தன.

தூக்கும்போதே சங்கிலியும் வாளிப் பல்லும் தோலைக் கீறும். மெத்தை வைத்துத் தூக்கினால் இதைத் தவிர்க்கலாம். தவிர்க்க முடியாதது வேறு. மண்ணில் புதைந்திருந்த பாகத்துக்கு ஒரு தோல், வெயிலில் இருந்த பாகத்துக்கு ஒரு தோல். பாறை சற்றுத் திரும்பினாலும் செதுக்கிய முகம் மண் ஈரத்தையும் உப்பையும் தொடும். அதைவிடப் பெரிய நஷ்டம், எந்தச் சரிவில் எந்தத் திசை பார்த்து எதற்கு எதிரே இருந்தது என்பது. அங்கே செதுக்கலோடு நிறுத்திய கற்கள், கல் வரிசைகள், சிப்பி மேடுகள் எல்லாம் ஒரே தொகுப்பு. ஆஸ்திரேலியப் பெருநிலத்தில் சுமார் 3,000 ஆண்டுக்கு முன்பே அழிந்த தைலசீன் (வரியுள்ள, பையுள்ள வேட்டை விலங்கு) உருவத்தைத் தனியே எடுத்து வைத்தால் மிஞ்சுவது ஒரு படம்தான். ஙர்லுமா, யிண்டிஜிபார்ன்டி முதலிய ஐந்து பழங்குடிக் குழுக்களுக்கோ அது படமல்ல, இடம்.

சட்டத்தையும் பாருங்கள். மாநிலத்தின் 1972 பாரம்பரியச் சட்டத்தில் 18ஆம் பிரிவு என்று ஒன்று: நிலத்தை வைத்திருப்பவர் கேட்டால் அமைச்சர் சிதைக்கவே அனுமதி தரலாம். 2020 மே மாதம் அதே மாநிலத்தின் ஜூகன் பள்ளத்தாக்கில் 46,000 ஆண்டுத் தடயம் இருந்த பாறைக்குடில்களைச் சுரங்க நிறுவனம் வெடிவைத்துத் தகர்த்தது இந்த அனுமதியோடுதான். அதன்பின் வந்த புதுச் சட்டம் 2023 ஜூலையில் அமலாகி அதே ஆண்டே வாபஸ் ஆனது. பழையதே சில திருத்தத்தோடு திரும்பியது.

யுனெஸ்கோ எல்லை சுமார் 1 லட்சம் ஹெக்டேர், ஆலைகள் கோட்டுக்கு வெளியே. காற்றுக்குக் கோடு தெரியாது. பட்டியலில் சேர்ந்த இரண்டாம் மாதமே, 2025 செப்டம்பரில், எரிவாயு ஆலைக்கு 2070 வரை கூட்டாட்சி அனுமதி 48 நிபந்தனையோடு கிடைத்தது.

அளவுகோல்:
சேதம் இருக்கிறதா என்று அளப்பதே தனிப் பாடு. 2004இலிருந்து நிறமானியால் (நிறத்தை எண்ணாகத் தரும் கருவி) அளந்தார்கள். அந்தத் தரவின் பிழைகளைப் பிறகு மற்ற ஆய்வாளர்கள் எடுத்துக் காட்டினார்கள். சொரசொரப்பான பாறையில் கருவி முனை சில மி.மீ. தள்ளி விழுந்தாலே நிறம் மாறும். நடுவில் கருவி மாறினால், இரண்டையும் ஒரே நாளில் ஒரே புள்ளியில் வைத்து ஒப்பிடாதவரை தொடர் அறுந்துவிடும்.

பி.எச். அளக்கத் தட்டை முனை மின்முனை, ஒரு சொட்டு காய்ச்சி வடித்த நீர், எண் நிலைக்கும் வரை காத்திருப்பு. செதுக்கலின் மேல் சொட்டு விடாதீர்கள்; பக்கத்தில் செதுக்காத முகம் போதும். சுண்ணக்கட்டியால் கோடு எடுப்பது, லேட்டக்ஸ் அச்சு எடுப்பது இரண்டும் கூடாது, அச்சை உரித்தால் தோலும் சேர்ந்து வரும். ஒளிப்பட அளவீடு (பல படங்களைச் சேர்த்து முப்பரிமாண உருவம் எடுப்பது) என்றால் அடுத்தடுத்த படங்கள் 70 சதவீதமாவது ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். அளவுப் பட்டையும் நிற அட்டையும் ஒவ்வொரு தொகுப்பிலும் இருக்கட்டும்.

2025 மே மாதம் வந்த கண்காணிப்பு அறிக்கையில், ஆலைகளை ஒட்டிய சில பாறைகளின் மேற்பரப்பில் நுண்துளை கூடுதல் என்று வந்தது. 1970, 80களில் ஓடிய மின்நிலையம் காரணமாக இருக்கலாம் என்றது சுருக்கம். வேறு ஆய்வாளர்கள் மறுத்தார்கள். பழைய புகையே காரணம் என்று வைத்துக்கொண்டாலும் எனக்கு நிம்மதி வரவில்லை. ஏற்கெனவே துளைத்த தோல்தானே அடுத்த அமிலத்தை உறிஞ்சும்?

நெடுங்கல்:
நன்றி. அப்போது டர்பைனுக்கு எஸ்.சி.ஆர். (வினையூக்கியால் புகையின் நைட்ரஜன் ஆக்சைடை நீக்கும் கருவி) மாட்டிவிட்டால் நைட்ரஜன் ஆக்சைடு 80, 90 சதவீதம் குறையுமே?

துருக்கல்:
குறையும். ஆனால் வினையூக்கி 300–400 டிகிரி செல்சியஸில்தான் நன்றாக வேலை செய்யும். வெப்பம் மீட்காத டர்பைனின் புகை 500ஐ ஒட்டி வரும். குளிர்காற்று கலக்க வேண்டும், இல்லையென்றால் அதிக வெப்பம் தாங்கும் ஜியோலைட் வினையூக்கி வேண்டும். அடுத்து, எஸ்.சி.ஆருக்குள் தெளிப்பதே அமோனியா. வினையூக்கி மூப்படைந்தால் வினைபுரியாத அமோனியா புகைபோக்கி வழியே நழுவும். வேறு ஊரில் அது சின்ன விஷயம். இங்கே நான் மேலே சொன்ன கதையே திரும்ப ஆரம்பிக்கும். அதனால் முதலில் நைட்ரஜன் ஆக்சைடைக் குறைவாக வெளியிடும் பர்னர், முடிந்த இடத்தில் கம்ப்ரசரை மின்மோட்டாருக்கு மாற்றுவது, கடைசியில்தான் எஸ்.சி.ஆர்., அதுவும் நழுவலைத் தொடர்ந்து அளக்கும் கருவியோடு.

அளவுகோல்:
கட்டுரைக்குப் படம் போடுவதானால் ஒன்று. சில செதுக்கல்கள் ஆண்கள் மட்டும், சில பெண்கள் மட்டும் பார்க்க வேண்டியவை. முருஜுகா பழங்குடிக் கழகத்தின் மூத்தோர் வட்டத்திடம் கேட்காமல் போடாதீர்கள். அனுமதி கிடைத்தாலும் கோப்பில் ஒளிந்திருக்கும் ஜி.பி.எஸ். விவரத்தை நீக்கிவிட்டு ஏற்றுங்கள்.