மறுமொழி: ‘ஸ்கை ஐலண்ட்’டுக்குத் தமிழ் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

தொண்டியிலிருந்து:
அன்பர்களுக்கு வணக்கம். மண்டபம் ஊரில் பள்ளிப் பிள்ளைகளுக்கான கண்காட்சிக்கு மூன்றடிக்கு நான்கடியில் ஒரு பலகை. வெள்ளி காலை அச்சுக்குப் போகணும். பறவை, கொடைக்கானல் சோலைகளில், அதாவது உயர்மலைக் குளிர்காடுகளில், பாடும் ‘ஷோலாகிளி’. மேலெல்லாம் கருநீலம், வயிறு வெள்ளை. அடிப்புதரின் இருட்டில் தரையோடு தத்திப் பூச்சி பொறுக்கும். மரப்பொந்திலோ மண்சரிவிலோ பாசியும் நார்வேரும் வைத்துக் கூடு. பெரும்பாலும் இரண்டு முட்டை. இதெல்லாம் எழுதியாச்சு. இடறுவது ஒரே சொல். பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே இந்த இனம், வடக்கே நீலகிரியில் வேறோர் இனம். 2017இல் இவற்றுக்கென்றே ‘ஷோலிகோலா’ எனத் தனிப் பேரினம் வகுத்தார்கள். குளிர்ந்த மலையுச்சிதான் இவற்றுக்கு நிலம். நடுவிலுள்ள வெக்கைத் தாழ்நிலத்தைத் தாண்டாது. அந்த உச்சிகளைத்தான் ‘ஸ்கை ஐலண்ட்’ என்கிறார்கள். தலைப்பு ஒரே வரியில் நிற்க, எட்டெழுத்துக்குள் சொல்லுங்கள்.

கீழக்கரையிலிருந்து:
மலைத்தீவு. இதற்கு எதற்கு ஒரு வாரம்?

மண்டபத்திலிருந்து:
வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள் ஐயா. ஒலிபெருக்கியில் பாதிப் பிள்ளைகளுக்கு மாலத்தீவு என்றுதான் கேட்கும். மலை உள்ள தீவு என்றும் பொருள் போகும்.

பரமக்குடியிலிருந்து:
முதலில் ‘தீவு’ நம் சொல்லா? வடமொழித் ‘த்வீபம்’ தேய்ந்தது. நீர் நடுவே நிற்கும் மேட்டுக்குத் தமிழில் துருத்தி உண்டு, திருப்பூந்துருத்தி சான்று. துருத்துவது, அதாவது வெளியே தள்ளி நிற்பது துருத்தி. மலையும் அப்படித்தானே தள்ளி நிற்கிறது? அதே பொருளில் அரங்கம் உண்டு, ஆற்றிடைக்குறை உண்டு. அந்த வாய்பாட்டில் ‘மலையிடைக்குறை’ என்றால் ஏழே எழுத்து.

கீழக்கரையிலிருந்து:
துருத்தி என்றால் கொல்லன் உலைக்குக் காற்றூதும் பை. இடைக்குறை என்றால் சொல்லின் நடுவெழுத்துக் குறைந்து ஓந்தி ஓதியாகும் இலக்கணப் பாடம். பிள்ளைகள் பறவையைப் பார்ப்பார்களா, தமிழ்த் தேர்வு எழுதுவார்களா? சரி, ‘சோலைத்திட்டு’ வையுங்கள்.

தொண்டியிலிருந்து:
அது இன்னும் ஆபத்து. சோலை இயல்பாகவே திட்டுத்திட்டாகத்தான் இருக்கும்: காற்றும் உறைபனியும் குறைந்த மடிப்புகளில் மரம், சுற்றிலும் புல்வெளி. ஒரு மலையில் அப்படிப் பல திட்டு. நமக்கு வேண்டிய சொல் அந்த மலைமுடி முழுவதற்கும். சிறியதன் பெயரைப் பெரியதற்கு வைத்தால் அடுத்த பத்தியே நொண்டும். ‘திட்டுப் பறவை’ என்று எழுதினால் அது யாரைத் திட்டுகிறது என்று வேறு கேட்பார்கள்.

மண்டபத்திலிருந்து:
தீவை விடவேண்டாம். இங்குள்ள பிள்ளைகளுக்குக் குருசடையும் முசல் தீவும் கண்ணால் கண்டவை. தனுஷ்கோடிக்கு அப்பால் நகர்ந்துகொண்டே இருக்கும் மணல் தீடை வேறு, தீவு வேறு என்று அவர்களே சொல்வார்கள். மன்னார் வளைகுடாத் தீவுகள் 21இல் பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் மூழ்கிவிட்டன. இங்கே அரிப்பு, அங்கே வெப்பம் ஏற ஏற, குளிர் விரும்பும் காடு மேலே நகர்ந்து உச்சியில் இடமில்லாமல் சுருங்கும். இதைத் துருத்தி சொல்லுமா? என் பரிந்துரை: வான்தீவு.

இன்னொன்று. படத்தில் கணவாயை நீலத்தில் தீட்டாதீர்கள், நிஜக் கடல் என்று எடுத்துக்கொள்வார்கள். செம்மஞ்சள் போடுங்கள், நடுவில் ‘அகலம் சுமார் 30 கி.மீ., உயரம் சுமார் 140 மீட்டர்’ என்று எழுதுங்கள். அந்தரத்தில் மிதக்கும் தீவோ என்ற ஐயம் அப்போதே போய்விடும்.

பரமக்குடியிலிருந்து:
தீவு பெரும்பான்மை என்றால் ‘குவட்டுத்தீவு’ ஆகட்டும். குவடு மலையுச்சி; உயிர்த்தொடர்க் குற்றியலுகரம், டகரம் இரட்டும். மேலும், ‘ஷோலாகிளி’யைச் ‘சோலைக்கிளி’ ஆக்கிவிடாதீர்கள். மலையாளத்தில் கிளி எந்தச் சிறு பறவைக்கும் ஆகும்; தமிழில் பச்சை உடம்பும் வளைந்த மூக்கும் வந்து நிற்கும்.

கீழக்கரையிலிருந்து:
இதில் மட்டும் ஐயாவோடு உடன்படுகிறேன். சோலைச்சிட்டு?

தொண்டியிலிருந்து:
சிட்டு என்றால் தானியம் கொத்தும் கட்டை அலகு நினைவுக்கு வரும். இதற்கு மெல்லிய அலகு. ஆனாலும் கிளியைவிடக் குறைந்த பொய். எடுத்துக்கொள்கிறேன். குவட்டுத்தீவுக்கு ஒரு வாக்கு, வான்தீவுக்கு மூன்று. அதில் ஒன்று ‘எதையாவது வையுங்கள்’ என்று வந்தது. பலகை ‘வான்தீவுச் சோலைச்சிட்டு’ என்று போகிறது.

பரமக்குடியிலிருந்து:
போகட்டும். ஆனால் வான் + தீவு ‘வான்தீவு’ ஆகாது. ‘னலமுன் றனவும்’ என்பது நன்னூல்; னகர லகரத்தை அடுத்து வரும் தகரம் றகரமாகும். பொன் + தீது பொன்றீது ஆவதுபோல் இது வான்றீவு.

தொண்டியிலிருந்து:
ஐயா, அச்சகத்தில் தட்டு ஏறிவிட்டது.

பரமக்குடியிலிருந்து:
அடுத்த பதிப்பில் திருத்தலாம். என் மறுப்பைப் பதிவில் வையுங்கள்.