கரடிகள் எல்லாமே குளிர்காலத்தில் தூங்குமா? எட்டு இனங்கள் பற்றிச் சில சந்தேகங்கள்

நிலவன்:

வணக்கம். கரடிகளைப் பற்றிய பட்டியல்களில் ஒன்றுக்கொன்று முரணான தகவல்கள் இருக்கின்றன. விவரம் தெரிந்தவர்கள் தெளிவாக்கினால் நன்றாக இருக்கும்.

மொத்தம் எத்தனை இனம்? சிலர் ஏழு என்கிறார்கள், சிலர் எட்டு என்கிறார்கள். கோலாவையும் சிவப்புப் பாண்டாவையும் சேர்த்துப் பத்து என்று எழுதியவர்களும் உண்டு. கரடி என்றாலே குளிர்காலம் முழுக்கத் தூங்கும் என்கிறார்களே, அப்படியானால் பனிக்கரடி மட்டும் கடுங்குளிரில் எப்படி அலைகிறது? ஊனுண்ணி வரிசையில் இருக்கும் விலங்கு மூங்கிலையும் கறையானையும் தின்று எப்படிப் பிழைக்கிறது? பழுப்புக் கரடியையும் கருங்கரடியையும் நிறத்தை வைத்துத்தான் பிரித்தறிகிறார்களா?

முதுமரம்:

எட்டு இனம். இதில் இப்போது சர்ச்சை இல்லை. ஏழு என்ற கணக்கு, பாண்டாவைக் கரடிக் குடும்பத்தில் சேர்க்கலாமா கூடாதா என்று நடந்த நீண்ட வாதத்தின் மிச்சம். மரபணு ஆய்வுகள் வந்த பிறகு பாண்டா கரடிதான் என்பதும், இன்றுள்ள கரடிகளில் முதலில் பிரிந்த கிளை அதுவே என்பதும் உறுதியாகிவிட்டன. சிவப்புப் பாண்டா வேறு குடும்பம். கோலா, கங்காருவைப் போல வயிற்றுப் பையில் குட்டி வளர்க்கும் விலங்கு. அதற்கும் கரடிக்கும் முகச்சாயல் தவிர ஒட்டுமில்லை உறவுமில்லை.

பாண்டாவுக்கு அடுத்துப் பிரிந்தது ஆண்டிஸ் மலைகளின் கண்ணாடிக் கரடி. தென் அமெரிக்காவில் இருக்கும் ஒரே கரடி இதுதான். மீதி ஆறும் ஒரே கிளை: பழுப்புக் கரடி, பனிக்கரடி, அமெரிக்கக் கருங்கரடி, ஆசியக் கருங்கரடி, சூரியக் கரடி, தேன் கரடி. கிரிஸ்லி, கோடியாக் என்று கேள்விப்படுபவை தனி இனங்கள் அல்ல. இரண்டும் பழுப்புக் கரடிக்குள் அடக்கம்.

பெயரில் ஒரு சிக்கல் இருக்கிறது. இந்தியா, இலங்கை, நேபாளக் காடுகளில் புற்றைக் கிண்டும் கரடியை நாம் தேன் கரடி என்கிறோம். இந்தோனேசிய மொழியிலோ சூரியக் கரடிக்குத்தான் 'தேன் கரடி' என்று பெயர். மொழிபெயர்ப்புக் கட்டுரைகளில் இந்த இரண்டும் அடிக்கடி கலந்துபோகின்றன. எந்த நாட்டுக் கரடி என்று பார்த்துக்கொண்டு படியுங்கள்.

இனி தூக்கம். கரடி குளிருக்கு அஞ்சி அடங்குவதில்லை. இரை கிடைக்காத மாதங்களைக் கடக்கத்தான் அடங்குகிறது. இது பிடிபட்டால் பனிக்கரடியின் கணக்கும் விளங்கிவிடும். அதன் முக்கிய இரை வளையச் சீல். சீல் மூச்சு வாங்குவதற்காகக் கடற்பனியில் துளைகளை மூடாமல் வைத்திருக்கும். கரடி துளையோரத்தில் அசையாமல் காத்துக் கிடந்து, தலை மேலே வந்ததும் கவ்வி இழுக்கும். உறைந்த கடல் இருந்தால்தான் இந்த வேட்டை. ஆகவே குளிர்காலமும் இளவேனிலும் அதற்கு வேட்டைப் பருவம். பனி உருகிக் கரையில் மாட்டிக்கொள்ளும் கோடைதான் பட்டினிக் காலம். சீல் நிறையக் கிடைக்கும்போது தோலையும் கொழுப்பையும் தின்றுவிட்டு இறைச்சியை அப்படியே விட்டுப் போவதுண்டு. மிச்சம் ஆர்க்டிக் நரிகளுக்கு.

பனியில் வளை தோண்டிக் குளிர்காலம் முழுக்கப் படுத்திருப்பது கருவுற்ற பெண் பனிக்கரடி மட்டுமே. கடற்பனி சீக்கிரம் உடைந்து தாமதமாக உறைந்தால் பட்டினி நாட்கள் நீள்கின்றன. முதலில் அடி வாங்குவது இந்தத் தாய்க் கரடிகளும் அவற்றின் குட்டிகளும்தான். கனடாவின் ஹட்சன் விரிகுடா மேற்குக் கரையில் இது கண்முன்னே நடந்துகொண்டிருக்கிறது.

வெண்சாரல்:

முதுமரம் சொன்னதோடு குளிர்த்துயிலின் உள்வேலையையும் சேர்த்துக்கொள்ளலாம். பழுப்புக் கரடிக்கும் அமெரிக்கக் கருங்கரடிக்கும் நன்றாக அளந்து பார்த்த கணக்குகள் இருக்கின்றன.

தரை அணில் குளிர்த்துயிலில் இறங்கினால் உடல் வெப்பம் உறைநிலை வரைக்கும் போகும். சில வாரங்களுக்கு ஒருமுறை அது உடம்பைச் சூடேற்றிக்கொண்டு விழித்தாக வேண்டும். கரடியின் உடல் வெப்பம் 37, 38 டிகிரியிலிருந்து 30 முதல் 35 டிகிரி செல்சியஸ் அளவுக்கே இறங்குகிறது. ஆனால் உடல் எரிக்கும் ஆற்றல் வழக்கத்தில் கால் பங்காகக் குறைந்துவிடும். நிமிடத்துக்கு 40, 50 முறை துடிக்கும் இதயம் பத்துப் பதினைந்துக்கு வந்துவிடும். ஐந்து, ஆறு மாதம் உணவில்லை, நீரில்லை, சிறுநீரோ மலமோ கழிப்பதில்லை.

இத்தனை நாள் சிறுநீர் கழிக்காவிட்டால் யூரியா தேங்கி உயிருக்கே ஆபத்தாக வேண்டும். கரடி அந்த யூரியாவைச் சிதைத்து, அதிலுள்ள நைட்ரஜனைக் கொண்டே மறுபடி புரதம் கட்டிக்கொள்கிறது. அதனால்தான் மாதக்கணக்கில் அசையாமல் கிடந்தும் வெளியே வரும்போது தசை பெரிதாக வற்றியிருப்பதில்லை. கரைவது பெரும்பாலும் கொழுப்பே. உடல் எடையில் 15 முதல் 30 விழுக்காடு வரை போகும். பாலூட்டும் தாய்க்கு இன்னும் கூடுதல்.

இந்தக் கொழுப்பைச் சேர்க்க இலையுதிர் காலத்தில் நாளுக்கு 20 மணி நேரம்கூட மேயும். ஒரு நாளில் 20,000 கலோரி வரை உள்ளே போகும். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பகுதியில் பழுப்புக் கரடிகள் கோடைக் கடைசியில் உயரமான கற்சரிவுகளில் ஏறி, கல்லைப் புரட்டி, அடியில் ஒண்டியிருக்கும் அந்துப்பூச்சிகளை நக்கித் தின்னும். ஒரு கரடி ஒரு நாளில் 40,000 பூச்சி வரை தின்னும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அந்தப் பூச்சியின் உடம்பில் பெரும்பகுதி கொழுப்பு. பேருடம்பு படைத்த விலங்கு ஏன் பூச்சிக்குப் பின்னால் போகிறது என்பதற்கு விடை அதுதான்.

இனப்பெருக்கமும் இதே கொழுப்பைப் பொறுத்ததுதான். மே முதல் ஜூலைக்குள் இணை சேரும். உருவான கரு உடனே கருப்பையில் பதியாமல் மாதக்கணக்கில் மிதந்துகொண்டிருக்கும். நவம்பர் வாக்கில் தாயின் உடம்பில் போதிய கொழுப்பு இருந்தால்தான் பதியும். இல்லையென்றால் அந்த ஆண்டு குட்டி இல்லை. பெர்ரியும் ஓக் கொட்டையும் பொய்த்த ஆண்டுக்கு அடுத்த வசந்தத்தில் குட்டிகள் குறைவதற்குக் காரணம் இதுதான்.

இன்னொன்று. உடம்பு கதகதப்பாகவே இருப்பதால் வளைக்குள் இருக்கும் கரடி விரைவில் விழித்துக்கொள்ளும். தூங்குகிறதே என்று கிட்டே போவது பெரும் தவறு. பிறந்த குட்டி அரைக் கிலோகூட இருக்காது, கண் திறந்திருக்காது. தொந்தரவு தாங்காமல் தாய் வளையை விட்டுப் போய்விட்டால் அந்தக் குட்டிகள் பிழைக்காது.

நிலவன்:

மிக்க நன்றி. அப்படியானால் வெப்ப நாட்டுக் கரடிகளுக்குத் துயில் தேவையே இல்லை, சரிதானே? தேன் கரடி, சூரியக் கரடி, பாண்டா மூன்றும் ஆண்டு முழுக்க விழித்திருக்குமா?

புற்றுமண்:

சரிதான். மூன்றும் துயில்வதில்லை, கண்ணாடிக் கரடியும் அப்படியே. ஆசியக் கருங்கரடி நடுவில் நிற்கிறது. ரஷ்யத் தூர கிழக்கு, ஜப்பான் போன்ற குளிர் நாடுகளில் துயிலும். தெற்கே வெப்பக் காடுகளில் பெரும்பாலும் துயிலாது. ஒரே இனத்துக்குள்ளேயே இப்படி இரண்டு பழக்கம் இருப்பது, இரைதான் காரணம் என்ற பேச்சுக்கு நல்ல சான்று.

தேன் கரடியைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், அது கறையானுக்கென்றே வடிவெடுத்த கரடி. முன்காலில் 6 முதல் 8 செ.மீ. நீள வளைந்த நகங்கள். அவற்றால் புற்றைப் பிளக்கும். உதிர்ந்த மண்ணையும் தூசியையும் 'புஸ்' என்று ஊதித் தள்ளும். பிறகு வாயைப் புற்றின் ஓட்டையில் பொருத்தி, நீண்ட உதடுகளைக் குழாய்போல் குவித்து உறிஞ்சும். மேல்வரிசை நடுவில் இரண்டு வெட்டுப்பற்கள் அதற்கு இல்லை, காற்றும் கறையானும் வருகிற வழி அந்த இடைவெளிதான். உறிஞ்சும்போது மூக்குத் துளையை மூடிக்கொள்ளும், இல்லாவிட்டால் மண் ஏறிவிடும். அமைதியான காட்டில் இந்த உறிஞ்சும் சத்தம் நூறு மீட்டருக்கு அப்பாலும் கேட்கும். பழந்தமிழில் கரடிக்கு எண்கு என்றும், புற்றுக்குள் இருக்கும் கறையான் கூட்டுக்குக் குரும்பி என்றும் பெயர். இந்தக் காட்சியை நம் மொழி நெடுங்காலமாகவே அறியும்.

ஐரோப்பியர்களுக்கு இது புதிது. 1791-இல் ஜார்ஜ் ஷா என்ற விலங்கியலாளர் நீண்ட நகத்தைப் பார்த்து இதைத் தென் அமெரிக்காவில் மரத்தில் தொங்கி மெல்ல நகரும் 'ஸ்லாத்' என்ற விலங்கின் வகையில் சேர்த்துவிட்டார். கரடி என்று பின்னால் திருத்தினாலும் அந்தப் பெயர் ஆங்கிலத்தில் அப்படியே ஒட்டிக்கொண்டது. 'ஸ்லாத்' என்றால் சோம்பல் என்றும் பொருள், ஆனால் சோம்பலுக்கும் இந்தக் கரடிக்கும் சம்பந்தமில்லை.

பழம் பழுக்கும் பருவத்தில் இலந்தை, நாவல், ஆல், அத்தி, கொன்றை என்று மாறிவிடும். இலுப்பைப் பூ உதிரும் நாட்களில் மரத்தடியை விட்டு நகராது. தாய் முதுகில் குட்டியைச் சுமந்து திரிவதை வழக்கமாகக் கொண்ட கரடியும் இது ஒன்றுதான். முதுகு மயிர் நீளமாக இருப்பதால் குட்டிக்கு நல்ல பிடி. ஒன்பது மாதம் வரைகூடச் சுமக்கும்.

பாண்டா கதை வேறு. அதன் குடல் இன்னும் ஊனுண்ணியின் குட்டைக் குடல்தான், தின்ற மூங்கிலில் 17 விழுக்காடு அளவே செரிக்கிறது. ஈடுகட்ட ஒரே வழி, அளவைக் கூட்டுவது. மூங்கிலின் எந்தப் பகுதி என்பதைப் பொறுத்து நாளுக்கு 12 முதல் 38 கிலோ. விழித்திருக்கும் நேரமெல்லாம் தின்றபடி இருப்பதால் கொழுப்புச் சேர வழியில்லை, கொழுப்பில்லாமல் துயில முடியாது. மூங்கில் குளிர்காலத்திலும் பச்சையாக நிற்பதால் துயிலத் தேவையும் இல்லை. மூங்கிலைப் பிடிக்கும் 'ஆறாம் விரல்' உண்மையில் விரல் அல்ல, பெரிதாக வளர்ந்த ஒரு மணிக்கட்டு எலும்பு. 2015-இல் சீனா வெளியிட்ட கணக்கெடுப்பில் காட்டில் 1,864 பாண்டாக்கள் இருந்தன.

சூரியக் கரடிதான் எல்லாவற்றிலும் சிறியது, 25 முதல் 65 கிலோ. 20 செ.மீ.க்கு மேல் நீளும் நாக்கு தேன்கூட்டுக்காக. கண்ணாடிக் கரடி மரத்தில் கிளைகளை முறித்துப் பரண் கட்டி, அதன்மேல் உட்கார்ந்து பழம் தின்னும்.

காலடி:

நிறத்தை வைத்துப் பிரிக்காதீர்கள். அமெரிக்கக் கருங்கரடியில் பழுப்பு, இலவங்கப்பட்டை நிறம் எல்லாம் உண்டு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா கரையோரத்தில் வெள்ளைக் கருங்கரடியே இருக்கிறது. பழுப்புக் கரடியிலும் கறுப்புக்கு நெருங்கிய நிறம் உண்டு.

உடல் அமைப்பைப் பாருங்கள். பழுப்புக் கரடிக்குத் தோளில் திமில்போல ஒரு தசைத் திரட்சி இருக்கும், மண் தோண்டுவதற்கான தசை அது. பக்கவாட்டிலிருந்து பார்த்தால் முகம் நடுவில் குழிந்திருக்கும், காது சிறியது, வட்டமானது. கருங்கரடிக்குத் திமில் இல்லை, பின்புறம்தான் உயரம். நெற்றியிலிருந்து மூக்கு வரை நேர்கோடு. காது சற்று நீளம். பழுப்பின் முன்நகம் 5 முதல் 10 செ.மீ., அதிகம் வளையாதது. கருங்கரடியின் நகம் குட்டை, நன்றாக வளைந்தது, மரம் ஏற ஏற்றது.

கரடி கண்ணில் படாமல் தடம் மட்டும் கிடைத்தால் முன்பாதத் தடத்தைத் தேடுங்கள். கரடிக்கு வெளிப்பக்க விரல்தான் பெரியது. அந்தப் பெரிய விரலின் அடியிலிருந்து, பாத மெத்தையின் மேல் விளிம்பைத் தொட்டுக்கொண்டு ஒரு நேர்கோடு இழுங்கள். உள்பக்கச் சிறு விரலில் பாதிக்கு மேல் கோட்டுக்குக் கீழே விழுந்தால் கருங்கரடி, கோட்டுக்கு மேலே நின்றால் பழுப்பு. ஈரமண்ணில் வழுக்கிய தடம் ஏமாற்றும், இரண்டு மூன்று தடங்களில் பார்த்து முடிவுசெய்யுங்கள்.

ஓடைக்கரை:

எதிரில் வந்துவிட்டால்? கதையில் வருவதுபோல் செத்தவன் மாதிரி படுத்தால் விட்டுவிடுமா? இறக்கத்தில் ஓடினால் கரடியால் துரத்த முடியாது என்றும் சொல்கிறார்களே.

காலடி:

இறக்கம் பற்றியது தவறு, உயிரைப் பறிக்கும் தவறு. பழுப்புக் கரடி மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் ஓடும், ஏற்றம் இறக்கம் எதுவும் அதற்குத் தடையில்லை. ஓடவே கூடாது. பேசிக்கொண்டே மெல்லப் பின்வாங்குங்கள், அது விலகிப் போக வழிவிடுங்கள். தாய்க்கும் குட்டிக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

படுப்பது எல்லாச் சமயத்துக்கும் பொருந்தாது. குட்டியையோ இரையையோ காக்கப் பழுப்புக் கரடி பாய்ந்து, உடம்பைத் தொட்டுவிட்டால் மட்டும் குப்புறப் படுத்து, இரு கைகளையும் பின்கழுத்தில் கோத்து, கால்களை அகற்றி வையுங்கள், புரட்டுவது கடினமாகும். முதுகுப் பை இருந்தால் கழற்றாதீர்கள். அது விலகிப் போகும்வரை எழக்கூடாது. கருங்கரடி தாக்கினால் படுக்காமல் எதிர்த்து மூக்கிலும் முகத்திலும் அடிக்க வேண்டும். இரவில் கூடாரத்துக்குள் நுழையும் எந்தக் கரடியோடும் அப்படித்தான்.

கரடிகளுக்கான மிளகாய்த் தெளிப்பான் நல்ல பாதுகாப்பு, ஆனால் பைக்குள் இருந்தால் பயனில்லை. இடுப்பில் மாட்டுங்கள். கரடி சுமார் 10 மீட்டருக்கு வரும்போது, சற்றே தாழ்த்தி, அதன் முகத்துக்கு முன்னால் மேகம்போல் அடியுங்கள். காற்று எதிர்த்து வீசினால் உங்கள் கண்ணிலேயே படும். கொசு மருந்துபோல் கூடாரத்தில் தெளித்து வைப்பவர்களும் இருக்கிறார்கள், தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். காய்ந்த மிளகாய் வாடை கரடியை இழுக்கத்தான் செய்யும்.

புற்றுமண்:

தேன் கரடிக்கு இவற்றை அப்படியே பொருத்த முடியாது. புலியோடு ஒரே காட்டில் வாழ்ந்த விலங்கு அது, ஆபத்து என்றால் ஓடுவதைவிட முந்திக்கொண்டு பாய்வதே அதன் இயல்பு. புற்றில் தலையை விட்டு உறிஞ்சிக்கொண்டிருந்தால் ஆள் வரும் சத்தம் கேட்காது, திடீரென்று அருகில் பார்த்தால் பாய்ந்துவிடும். தலையையும் முகத்தையுமே குறிவைக்கும். ஆகவே சந்திக்காமல் இருப்பதுதான் வழி. தனியாகப் போகாதீர்கள். பேசிக்கொண்டே நடங்கள். விடியலிலும் அந்தியிலும் புதர், பாறைக்குகைப் பக்கம் ஒதுங்காதீர்கள். மீறித் தாக்கிவிட்டால் குப்புற விழுந்து முகத்தையும் கழுத்தையும் மூடுங்கள்.