கலிவருக்குக் கொடுத்த தண்டனை

யாழினி: நாளைக்கு வகுப்பில் விவாதம். கலிவரின் பயணங்கள் நாவல், குட்டி மனிதர்கள் வாழும் லில்லிபுட் நாட்டில் கலிவர் இருந்த பகுதி. அரண்மனை நெருப்பைச் சிறுநீர் கழித்து அணைத்தவரின் கண்ணைக் குருடாக்கச் சொன்னது சரியா? எனக்கு வந்தது அரசர் பக்கம் 😢

சித்தி: சட்டம் சட்டம்தானே பிள்ளை. அரண்மனை எல்லைக்குள் யார் சிறுநீர் கழித்தாலும் மரண தண்டனை என்று முதலே இருந்திருக்கு. அதுவும் மகாராணியின் அறை. அவவுக்கு எப்படி இருந்திருக்கும்?

பெரியமாமா: அறை எரிந்து சாம்பலானால் மட்டும் நல்லா இருந்திருக்குமோ? அந்தச் சனம் தண்ணீர் கொண்டுவந்த வாளி, தையல்காரர் விரலில் மாட்டுகிற உறை அளவுதான். கோட்டால் மூடியாவது அணைத்திருப்பார், அவசரத்தில் அதை விட்டுவிட்டு ஓடிவந்துவிட்டார். உப்புவெளியில் பக்கத்து வீட்டுக் கிடுகுக் குசினி பற்றின இரவு என் கையில் கிடைத்தது மீன் கழுவின வாளி, அதைத்தான் வீசினேன். செதிலும் குடலும் அரிசிப் பானை வரைக்கும் போய் ஒட்டிக்கிடந்தது, அந்த அக்கா இரண்டு நாள் தேய்த்துக் கழுவினா, ஒரு வார்த்தை ஏசவில்லை.

சித்தி: அது மீன் தண்ணி அண்ணை, இது வேறு.

தம்பி: சித்தி, சிறுநீர் ஒரு சாட்டுத்தான். எதிரியின் 50 போர்க்கப்பலை இழுத்துவந்து கொடுத்தார். மிச்சத்தையும் பிடி, பிளெஃபுஸ்கு நாட்டையே எனக்குக் கீழே கொண்டு வா என்று அரசர் கேட்க, சுதந்திரமான சனத்தை அடிமையாக்க உதவமாட்டேன் என்றார். குற்றப்பத்திரிகையில் அதுவும் இருக்கு. அந்தக் கோபம்தான் இது.

யாழினி: ஆனால் மரண தண்டனையைக் குறைத்துக் கண்ணைக் குருடாக்குவதோடு விட்டார்களே, அதை இரக்கம் என்று பேசலாமா?

பெரியமாமா: இல்லை பிள்ளை, திரும்ப வாசி. நிலத்தில் படுக்க வைத்துக் கண்மணிக்குள் கூர் அம்பு எய்வது, சரியாக நடக்கிறதா என்று பார்க்க 20 வைத்தியர்கள். இவ்வளவும் பதிவில் இருக்கு. பிறகு சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துச் சாகவிடுவது என்றும் முடிவெடுத்தார்கள், அதை மட்டும் இரகசியமாக வைத்தார்கள். ஊருக்கு ஒரு தண்டனை, உள்ளுக்குள் இன்னொன்று. எந்தக் குற்றத்துக்கும் அது பொருந்தாது.

சித்தி: பட்டினி போட்டா? அது எனக்குத் தெரியாது. அப்படியென்றால் அநியாயம்தான்.

தம்பி: யாழினி, 6ஆம் அத்தியாயம் பார். அதே லில்லிபுட்டில் செய்நன்றி மறந்தவனுக்கு மரண தண்டனை.

யாழினி: ஐயோ, எதிர்ப்பக்கம் அதை எடுத்தால் நான் என்ன சொல்வது? ரீச்சரிடம் பக்கம் மாறக் கேட்கப்போகிறேன்.