4070-ஆ, 7800 எக்ஸ்டியா? சத்தம் குறைவாக இருப்பது எது?

நண்பர்களே, ஆர்டிஎக்ஸ் 4070, ஆர்எக்ஸ் 7800 எக்ஸ்டி என்ற இரண்டு கிராஃபிக்ஸ் கார்டுகளில் ஒன்றை வாங்க வேண்டும். வேகம் எனக்கு இரண்டாம்பட்சம்தான். கம்ப்யூட்டர் படுக்கையறையில் இருக்கிறது, ராத்திரியில் ஃபேன் இரையக் கூடாது. தயாரிப்பாளர் கணக்குப்படி முதலாவது 200 வாட், இரண்டாவது 263 வாட்; அந்த 63 வாட்டும் கடைசியில் வெப்பமாக அறைக்குள்தானே வரும்? ஆனால் பெரிய ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகப் பகுதி), மூன்று ஃபேன் உள்ள 7800 எக்ஸ்டி, சின்ன இரண்டு ஃபேன் 4070-ஐ விட அமைதியாக ஓடவும் வாய்ப்பு இருக்கிறது, அதனால் வாட்டை மட்டும் பார்த்து முடிவெடுக்க மனமில்லை. வைத்திருப்பவர்கள், எந்த மாடல், கேம் ஓடும்போது ஃபேன் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று), ஹாட்ஸ்பாட் (சிப்பில் மிக அதிகம் சூடாகும் இடம்) வெப்பநிலை எவ்வளவு என்று சொல்லுங்கள். அண்டர்வோல்ட் செய்திருந்தால் (அதாவது சிப்புக்குப் போகும் மின்னழுத்தத்தைக் குறைத்திருந்தால்) எவ்வளவு குறைந்தது என்பதையும் எழுதுங்கள். அப்புறம், இரண்டு மானிட்டர் மாட்டிச் சும்மா இருக்கும்போது எத்தனை வாட் இழுக்கிறது, ஃபேன் முழுசாக நிற்கிறதா?