அடுக்ககத்தின் வண்டி நிறுத்துமிடத்தில் கார் மோதியபோது: சில அனுபவங்கள்

மடிப்பாக்கத்திலிருந்து:

சென்ற ஆண்டு எங்கள் அடுக்ககத்தின் தரைத்தளத்தில் நடந்ததை எழுதுகிறேன். மூன்றாம் மாடியில் இருக்கும் பெரியவர் தமது காரைப் பின்னோக்கி எடுக்கையில், தூணில் இடிக்காமல் இருக்க ஸ்டியரிங்கைச் சட்டென ஒடித்ததில், நிறுத்தியிருந்த என் காரின் ஓட்டுநர் பக்கக் கதவையும் முன் ஃபெண்டரையும் உரசி நசுக்கிவிட்டார். காவலாளி கூப்பிட்டு நான் இறங்கி வந்தபோது பக்கக் கண்ணாடி ஒயரில் தொங்கிக்கொண்டிருந்தது. கதவின் மடிப்பில் அவருடைய காரின் வெள்ளை பெயின்ட் ஒரு விரல் நீளத்துக்கு ஒட்டியிருந்தது.

பெரியவர் மறுக்கவில்லை. “ஐயாயிரம் தந்துவிடுகிறேன் சார், இது நம் காம்பவுண்டுக்குள் நடந்தது, இன்சூரன்ஸெல்லாம் செல்லாது” என்றார். பட்டறையில் போட்டுத் தந்த எஸ்டிமேட்டோ 38,400 ரூபாய். அதைக் காட்டியதும் அவர் முகம் மாறியது. மறுநாள் அவருடைய மகன் தொலைபேசியில் பேசியபோது, இடித்தது யார் என்பதே சந்தேகம் என்பதுபோல் பேச்சு போனது. நல்லவேளையாக, முதல் நாள் இரவே இரண்டு வேலைகளைச் செய்திருந்தேன். இரு வண்டிகளும் நகர்த்தப்படுவதற்கு முன், எண் பலகைகளும் தூணும் ஒரே படத்தில் விழும்படி படமெடுத்துக்கொண்டேன். சங்கச் செயலாளருக்கு எழுத்தில் கேட்டு, சிசிடிவி பதிவைத் தனியே எடுத்து வைக்கச் சொன்னேன். எங்கள் கேமராவில் ஏழு நாளுக்கு மேல் பதிவு நிற்காது, பழையதன் மேல் புதியது ஏறிவிடும். பதிவைப் பார்த்த பிறகு மகனும் அமைதியானார்.

இதைவிட முக்கியமாகச் சொல்ல விரும்புவது பட்டறையில் நடந்ததைத்தான். அங்கிருந்த சர்வீஸ் அட்வைசர், “அபார்ட்மென்ட் என்று எழுதினால் சிக்கல், மெயின் ரோட்டில் யாரோ இடித்துவிட்டுப் போய்விட்டதாக எழுதிவிடலாம்” என்று மிகுந்த அக்கறையோடு சொன்னார். அப்படி எழுதியிருந்தால்தான் சிக்கல். நம் வண்டியால் பிறருக்கு நேரும் பாதிப்புக்கான மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயமாக்கும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆம் பிரிவுதான் பொது இடத்தைப் பற்றிப் பேசுகிறது. நாம் ‘ஃபுல் இன்சூரன்ஸ்’ என்று சொல்லும் பாலிசியில் நம் வண்டியின் சேதத்துக்கான பகுதி, சாலை, தனியார் இடம் என்று பிரித்துப் பார்ப்பதில்லை. தேவையே இல்லாத ஒரு பொய்யைப் படிவத்தில் எழுதி, பிறகு சேதத்தை மதிப்பிட காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் சர்வேயர் உரசலின் உயரத்தையும் பெயின்டின் நிறத்தையும் பார்த்துக் கேள்வி கேட்கும்போது விழித்தால், நியாயமான கோரிக்கையும் தள்ளுபடியாகிவிடும். நான் அடுக்ககம் என்றே எழுதினேன், சர்வேயர் நேரில் வந்து தூணையும் பார்த்துவிட்டுப் போனார், பணம் வந்தது.

ஆனால் என் பாலிசியில் கேட்டதால் என் நோ கிளெய்ம் போனஸ், அதாவது கோரிக்கை இல்லாத ஆண்டுகளுக்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி, போயிற்று. அது 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஆண்டுக்கு ஆண்டு ஏறும் படிக்கட்டு. ஒருமுறை கோரினால் அடுத்த புதுப்பித்தலில் பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். அந்த ஆண்டு எனக்குக் கிடைத்திருக்க வேண்டிய 45 சதவீதம், சேதப் பகுதிக்கான பிரீமியம் 9,000 ரூபாயில் 4,050 ரூபாய். அதோடு 1,500 சிசிக்கு உட்பட்ட கார்களுக்குக் கட்டாயமாகப் பிடிக்கப்படும் 1,000 ரூபாய். ஜீரோ டெப் என்ற கூடுதல் பாதுகாப்பை எடுத்திருந்ததால் பக்கக் கண்ணாடியின் பிளாஸ்டிக் பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்கப்படவில்லை. ஆக 5,050 ரூபாயைப் பெரியவர் தர, இருவரும் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டோம். அவர் முதலில் சொன்ன தொகைக்கும் இதற்கும் ஐம்பது ரூபாய்தான் வித்தியாசம் என்று என் மனைவி இன்றும் கேலி செய்கிறாள். அதை அன்றே வாங்கிக்கொண்டு தலையசைத்திருந்தால், மீதி 33,400 ரூபாயை நான் என் கையிலிருந்து போட்டிருப்பேன்.

திருச்சியிலிருந்து:

மேலே எழுதியவருக்குத் தகரம்தான் நசுங்கியது. எங்கள் வளாகத்தில் ஆளுக்கு அடிபட்டது. கேட்டுக்குள் திரும்பிய ஒரு கார், வீட்டு வேலை முடிந்து திரும்பிக்கொண்டிருந்த அம்மாள் ஒருவரைத் தட்டிவிட்டதில் அவருக்குக் கணுக்கால் எலும்பு முறிந்தது. ஓட்டியவர் தாமே மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார் என்பதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் “படிக்கட்டில் விழுந்துவிட்டேன் என்று சொல்லிவிடுங்கள் அக்கா, செலவை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று வழியில் அவர் சொன்னதை அந்த அம்மாள் அப்படியே மருத்துவரிடம் சொல்லிவிட்டார். மருத்துவமனையின் விபத்துப் பதிவேடான ஏ.ஆர். பதிவில் அதுவே ஏறியது. இரண்டாவது மாதம் அவர் செலவுக்குத் தருவதை நிறுத்தியபோது, கார் இடித்ததற்கு மருத்துவமனைத் தாளில் ஒரு வரிகூட இல்லை.

காவல் நிலையத்தில் முதலில் தனியார் இடம் என்று தயங்கினார்கள். அந்தத் தயக்கத்துக்குச் சட்டத்தில் ஓரளவு இடமுண்டு: இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 281ஆம் பிரிவு பொது வழியில் தாறுமாறாக ஓட்டுவதைத்தான் சொல்கிறது. ஆனால் பிறர் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து விளைவிக்கும் கவனக்குறைவைச் சொல்லும் 125ஆம் பிரிவில் இடத்தைப் பற்றிய நிபந்தனை இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவும் அப்படியே. அடிபட்டவருக்குச் சிகிச்சை கிடைக்கச் செய்வதும், காவலர் அங்கே இல்லாவிட்டால் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தெரிவிப்பதும் ஓட்டுநரின் கடமை என்று அது சொல்லும்போது, சாலை என்று குறிப்பிடவில்லை. எங்கள் வழக்கறிஞர் இதையெல்லாம் மனுவிலேயே எழுதிக் கொடுத்தபின் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கிடைத்தது.

இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் விபத்து நடந்தது ‘பொது இடம்’ இல்லை என்ற வாதத்தைக் காப்பீட்டு நிறுவனம் எழுப்பத்தான் செய்தது. பொதுமக்கள் வந்துபோக அனுமதி உள்ள இடம், தனியாருக்குச் சொந்தமானாலும் அந்த அனுமதிக்குக் கட்டுப்பாடு இருந்தாலும் பொது இடமே என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 1988இலேயே கூறியிருக்கிறது. பால்காரரும் கூரியர் பையனும் நாள்தோறும் நுழையும் எங்கள் கேட்டுக்கு அது பொருந்தும் என்றே எங்கள் வழக்கறிஞர் வாதாடினார். வழக்கு நடக்கிறது. படிக்கட்டில் விழுந்ததாக எழுதிய அந்த ஒரு வரியை விளக்குவதற்குத்தான், சட்ட நுணுக்கத்தை விளக்குவதைவிட அதிக வாய்தாக்கள் ஆயின.

கோயம்புத்தூரிலிருந்து:

என்னுடையது கல்யாண மண்டபத்தில் நடந்தது. வண்டியை நிறுத்தித் தருவதற்காகச் சாவியை வாங்கிக்கொண்ட வாலே பையன் காரைச் சுற்றுச்சுவரில் இடித்துவிட்டான். மண்டபத்தார் டோக்கனின் பின்புறம் அச்சிட்டிருந்த ‘வாகனங்களுக்கு உரிமையாளரே பொறுப்பு’ என்ற வரியைக் காட்டினார்கள். 1998இல் டெல்லியில் ஒரு நட்சத்திர விடுதியில் வாலே ஊழியரிடம் கொடுத்த கார் திருடு போன வழக்கில், அப்படி ஒரு வரியை அச்சிட்டுவிட்டுக் கவனக்குறைவின் பொறுப்பிலிருந்து விடுதி நழுவ முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்ததை என் தம்பி எடுத்துச் சொன்னான். எங்களுடையது திருட்டு இல்லை என்றாலும், சாவியைக் கொடுத்து ஒப்படைத்த பொருள் என்ற அடிப்படை ஒன்றுதான். மேலாளர் இரண்டு நாள் யோசித்துவிட்டு டிங்கரிங், பெயின்டிங் செலவை ஏற்றுக்கொண்டார். டோக்கனைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னபோது நான் கொடுக்கவில்லை.

நாகர்கோவிலிலிருந்து:

என் கதை சிறியது, கொஞ்சம் வெட்கமும்கூட. மழையில் பின்னோக்கி எடுக்கும்போது என் காரே என் வீட்டு இரும்பு கேட்டில் இடித்துவிட்டது. பிறர் சொத்துக்கான சேதத்துக்குத் தனியார் கார் பாலிசியில் ஏழரை லட்சம் ரூபாய் வரை இருப்பதைப் படித்துவிட்டு, கேட்டையும் சேர்த்துக் கோரினேன். கேட் எனக்கே சொந்தமானது, அதனால் அது ‘பிறர் சொத்து’ ஆகாது என்று பொறுமையாக விளக்கினார்கள். பம்பருக்குப் பணம் வந்தது. வெல்டிங் பட்டறைக்குக் கையிலிருந்து 6,500 ரூபாய் கொடுத்தேன். இப்போதும் அந்தக் கேட்டைச் சற்றுத் தூக்கித்தான் சாத்த வேண்டியிருக்கிறது.