விவாகரத்து முடிந்த பிறகு புகார்: எதிர் வழக்கு போடலாமா?

குடமுருட்டி: நாங்கள் பாபநாசம் பக்கம். தம்பிக்கு 2023-இல் பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்து ஆனது. நகை, சீர் எல்லாம் திருப்பிக் கொடுத்தாயிற்று என்று மனுவிலேயே எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். இப்போது அந்தப் பெண் மன்னார்குடி பக்கம் தன் பிறந்த ஊரில் புகார் கொடுத்து எஃப்.ஐ.ஆர். ஆகிவிட்டது. 2022 கடைசியில் வரதட்சணை கேட்டு அடித்தார்களாம், அம்மா பெயரும் சேர்ப்பு. அந்தச் சமயத்தில் அவன் சிங்கப்பூரில் வேலையில் இருந்தான். என்ன செய்யலாம்?

வெண்ணாறு: நாளைக்கே மானநஷ்ட வழக்கு, கூடவே பொய்ப் புகார் வழக்கு. நம் பக்கம் பயந்து உட்கார்ந்தால் தலையில் ஏறி மிதிப்பார்கள். அதுசரி, விவாகரத்து தஞ்சாவூரில் நடந்திருக்க, மன்னார்குடியில் எப்படி எஃப்.ஐ.ஆர். போட்டார்கள்? அதை வைத்தே உடைக்கலாமே.

கடைமடை: உடைக்க முடியாது அண்ணே. கணவன் வீட்டை விட்டு வந்து தங்கியிருக்கும் ஊரிலேயே புகார் தரலாம் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பொய்ப் புகார் வழக்கும் நீங்கள் நினைத்தபடி போட வராது. அரசு ஊழியரிடம் பொய்த் தகவல் தந்தது என்றால் (புதிய தண்டனைச் சட்டமான பி.என்.எஸ்.-இன் 217-ஆம் பிரிவு) அந்த ஊழியர்தான் புகார் தர வேண்டும். நீதிமன்றத்தில் பொய்ச் சாட்சி என்றால் அந்த நீதிமன்றமே நடவடிக்கை எடுக்க வேண்டும். நல்லெண்ணத்தோடு அதிகாரியிடம் தரும் புகாருக்கு மானநஷ்டச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. இப்போது போட்டால் பழிவாங்குகிறார்கள் என்ற பெயர்தான் மிஞ்சும்.

தம்பி குடமுருட்டி, முதல் வேலை முன்ஜாமீன், அம்மாவுக்கும் சேர்த்து. ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றம் என்பதால் போலீஸ் நோட்டீஸ் கொடுத்துத்தான் கூப்பிட வேண்டும்; உச்ச நீதிமன்றத்தின் 2014 அர்னேஷ் குமார் தீர்ப்பு அதற்குத்தான். நோட்டீஸ் வந்தால் கட்டாயம் போங்கள், போகாமல் இருந்தால் அதுவே கைதுக்குக் காரணமாகும்.

அப்புறம் எஃப்.ஐ.ஆரை ரத்து செய்யச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் ரத்து மனு. சம்பவம் 2022 என்பதால் குற்றப் பிரிவு பழைய தண்டனைச் சட்டத்தின் 498ஏ (மனைவியைக் கொடுமைப்படுத்துவது), நடைமுறை மட்டும் புதுச் சட்டம். பழைய நடைமுறைச் சட்டத்தில் 482 என்றால் ரத்து மனு, புதியதில் 482 என்றால் முன்ஜாமீன், ரத்து இப்போது 528. கோர்ட் வாசலில் இன்னும் பலர் மாற்றிச் சொல்கிறார்கள், கவனம். இன்னொன்று, உங்கள் தஞ்சை மாவட்ட வழக்கென்றால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போகும். இது திருவாரூர் மாவட்ட எஃப்.ஐ.ஆர்., சென்னைக்குத்தான் போக வேண்டும்.

அரசலாறு: ஒன்று கேட்கிறேன். பொய் என்று எல்லாரும் முடிவே கட்டிவிட்டீர்களா? நிரூபிக்க முடியாததும் பொய்யும் ஒன்றா?

வெண்ணாறு: அக்கா, ஆள் சிங்கப்பூரில் இருக்கும்போது எப்படி அடிக்க முடியும்?

அரசலாறு: போனில் கேட்பதும் கேட்பதுதான். அடித்தது இல்லையென்று பாஸ்போர்ட் முத்திரை காட்டும். பணம் கேட்கவில்லை என்று அது காட்டாது. நான் புகாருக்கு ஆளானவள்தான். பிள்ளையைப் பிடுங்க என் முன்னாள் கணவர் என் நடத்தையைப் பற்றி எழுதிக் கொடுத்தார். எதிர்ப்புகார் கொடுக்கச் சொல்லி வீட்டில் எல்லாரும் துரத்தினார்கள். பள்ளி வருகைப் பதிவு, டாக்டர் சீட்டு, பீஸ் ரசீது இவற்றைத்தான் தாக்கல் செய்தேன். வக்கீலுக்குக் காசில்லை, சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் இலவசமாகக் கிடைத்தார். பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது, 15100-க்குக் கூப்பிட்டால் போதும். அவர் பேசிய பேச்சுக்கு நான் பதில் பேசவே இல்லை.

வெண்ணாறு: அப்போ பொய் சொன்னவர் சும்மா போகலாமா? அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

கடைமடை: போக வேண்டாம், முடிந்த பிறகு பாருங்கள். தீய நோக்கத்தோடு வழக்குத் தொடுத்ததற்கு நஷ்ட ஈடு கேட்கலாம், விடுதலையான நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள். ஆனால் சந்தேகத்தின் பலனில் விடுதலை என்றால் அந்த வழக்கு பலவீனம்தான்.

அம்மா விஷயம் சுலபமாக இருக்கலாம். குடும்பத்தார் எல்லாரையும் பொத்தாம்பொதுவாக இழுப்பதை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரிலும் கண்டித்திருக்கிறது. புகார் தேதியையும் பாருங்கள்: கடைசிச் சம்பவத்திலிருந்து மூன்று ஆண்டு தாண்டியிருந்தால் காலவரம்பு வாதம் உண்டு, தாமதத்தை நீதிமன்றம் மன்னிக்கவும் செய்யலாம்.

குடமுருட்டி: வாட்ஸ்அப் பேச்செல்லாம் பழைய போனில் கிடக்கிறது அண்ணே.

கடைமடை: எதையும் அழிக்காதீர்கள், போனை விற்காதீர்கள். அச்செடுத்தால் மட்டும் போதாது, புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் சேர்க்க வேண்டும். அந்தப் பெண்ணுக்கு இனி யாரும் போன் செய்ய வேண்டாம், சமாதானம் பேசக்கூட.